கடிப்பதற்கு முன் நாய் சொல்லிவிடுகிறது

'குரைக்கிற நாய் கடிக்காது' என்பது நம்மவர்கள் வாயில் அடிக்கடி வரும் பழமொழி. விருந்தாளி வாசலில் தயங்கி நின்றால், "பயப்படாம வாங்க, அது சும்மா குரைக்கும், ஒண்ணும் செய்யாது" என்று உள்ளேயிருந்து குரல் கொடுப்போம். வந்தவர் காலை அது பதம் பார்த்த பிறகு, "அட, இது இப்படிச் செய்யாதே!" என்று ஆச்சரியப்படுவோம். பழமொழி வாய்வீச்சு வீரர்களான மனிதர்களை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டது. நாம் அதை நாய்க்கே சட்டமாக எழுதிவிட்டோம்!

தோட்டப்புறத்து மக்களுக்கும் நாய்க்கும் உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதல்ல. விடியுமுன்னே வேலைக்குப் போகிறவருக்குத் துணையாகப் பாதி வழி வரை வந்து திரும்புவது அது. ஆளில்லாத வீட்டைக் காப்பது அது. கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் நாகம் வந்தால் முதலில் குரல் கொடுப்பதும் அதுதான். தோட்டத்தை விட்டுத் தாமான் வீடுகளுக்குக் குடிபெயர்ந்தவர்களில் பலர், சட்டி பானையோடு நாயையும் லாரியில் ஏற்றிக்கொண்டுதான் போனார்கள். இவ்வளவு நெருங்கிப் பழகியும், அது நம்மிடம் என்ன சொல்கிறது என்பது மட்டும் நமக்குச் சரிவரப் புரிவதில்லை.

நாய் திடீரென்று கடிப்பது மிகவும் அபூர்வம். கடிப்பதற்கு முன் தன் உடம்பால் அது பல தடவை சொல்லிவிடுகிறது. அந்த மொழியை வாசிக்கத் தெரியாதவர்களுக்குத்தான் அது 'திடீர்க் கடி'யாகத் தோன்றுகிறது. ஆகவே, இந்த முறை நாயின் மொழிக்கு ஓர் அரிச்சுவடி பார்ப்போம்.

விறைப்பா, தளர்வா?

எந்த நாயைப் பார்த்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான். அதன் உடம்பு விறைத்திருக்கிறதா, தளர்ந்திருக்கிறதா?

சார்ல்ஸ் டார்வின் என்ற அறிஞரின் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மனிதர்களும் விலங்குகளும் உணர்ச்சிகளை எப்படி வெளிப்படுத்துகிறார்கள் என்பதைப் பற்றி அவர் 1872-இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். அதில் ஒரே நாயின் இரண்டு தோற்றங்களை அருகருகே வைத்துக் காட்டுகிறார். யாரோ அந்நியன் வருகிறான் என்று நினைக்கும்போது நாய் விறைப்பாக நடக்கிறது. தலை சற்று உயர்கிறது. வால் விறைத்து நிற்கிறது. கழுத்திலும் முதுகிலும் மயிர் சிலிர்க்கிறது. காதுகள் முன்னோக்கி நிற்கின்றன. பார்வை ஒரே இடத்தில் குத்திட்டு நிற்கிறது. வருகிறவர் வேறு யாருமல்ல, தன் எஜமானர்தான் என்று தெரிந்த மறுகணமே எல்லாம் தலைகீழாக மாறுகிறது! உடம்பு தாழ்ந்து நெளிகிறது. வால் இறங்கி இருபுறமும் ஆடுகிறது. மயிர் படிந்துவிடுகிறது. காதுகள் பின்னால் தளர்கின்றன. உதடுகள் தொங்குகின்றன.

மாலையில் நீங்கள் வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பும்போது பாருங்கள். வேறொரு வண்டியின் சத்தத்தோடு உங்கள் சத்தமும் கலந்து வந்தால், உங்கள் நாயும் அந்த இரண்டு தோற்றங்களையும் அரை நிமிடத்தில் காட்டிவிடும்.

வாலை மட்டும் நம்பாதீர்கள்

வாலாட்டினால் நாய் சந்தோஷமாக இருக்கிறது என்றே நாம் எல்லாரும் நினைக்கிறோம். இது பாதிதான் உண்மை.

யானையையும் நாயையும் ஒப்பிடுகிற பாடல் ஒன்று நாலடியாரில் இருக்கிறது. எத்தனை நாள் பழகினாலும் யானை தன் பாகனையே கொன்றுவிடும். நாயோ, வளர்த்தவன் வீசிய வேல் மேனியில் தைத்திருக்கும்போதுகூட அவனைப் பார்த்து வாலை ஆட்டும் என்பது அதன் கருத்து. நாயின் நன்றிக்கு உதாரணமாக இதைச் சொல்வார்கள். ஆனால் அதில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. வேல் தைத்த நாய் சந்தோஷத்தில் வாலாட்டியிருக்க முடியுமா? வலியிலும் பயத்திலும்கூட நாய் வாலாட்டும். 'என்னை ஒன்றும் செய்துவிடாதே' என்று கெஞ்சும் ஆட்டம் அது.

வாலாட்டத்தை மூன்று வகையாகப் பிரித்துப் பார்த்தால் குழப்பம் குறையும். வால் முதுகு மட்டத்திலோ சற்றுக் கீழேயோ இருந்து, இடுப்பும் சேர்ந்து அகலமாக ஆடினால் அது நட்பு. வால் கம்பி போல் மேலே விறைத்து, நுனி மட்டும் படபடவென்று துடித்தால், 'கிட்டே வராதே' என்ற எச்சரிக்கை. வால் தாழ்ந்து, பின்னங்கால்களுக்கு நடுவே ஒடுங்கி, அந்த நிலையில் வேகமாக ஆடினால் அது பயம். இரண்டாவது வகையைப் பார்த்து, "வாலாட்டுதே, நல்ல நாய்" என்று தலையைத் தடவப் போனவர்களே அதிகம் கடிபட்டிருப்பார்கள்.

இத்தாலி நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 2007-இல் 30 நாய்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். தன் சொந்தக்காரரைக் கண்டபோது நாயின் வால் அதன் வலப்பக்கமாகவும், முரட்டு அந்நிய நாயைக் கண்டபோது இடப்பக்கமாகவும் கூடுதலாக ஆடியதாம். வாலாட்டம் எல்லாம் ஒன்றல்ல என்பதற்கு இது நல்ல சான்று. ஆனால் ஓடிவரும் நாயின் எதிரே நின்று இடமா வலமா என்று அளந்துகொண்டிருக்க நம்மால் ஆகாது! வாலின் உயரமும் விறைப்புமே நமக்குப் போதும்.

ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். சில நாய்களுக்குப் பிறவியிலேயே வால் சுருண்டு முதுகின் மேல் இருக்கும். சிலவற்றுக்குத் தொங்கும். உங்கள் நாய் நிம்மதியாக இருக்கும்போது அதன் வாலும் காதும் எப்படி இருக்கின்றன என்பதை முதலில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து மாறுவதே செய்தி.

கண், காது, வாய்

நிம்மதியாக இருக்கும் நாயின் கண் மென்மையாக இருக்கும், இமைத்துக்கொண்டே இருக்கும். வாய் சற்றுத் திறந்து, நாக்கு தளர்ந்து தொங்கும். நம் ஊர் வெயிலுக்கு நாய் மூச்சு வாங்குவது இயல்பு. மனிதனைப் போல் உடம்பெல்லாம் வியர்த்துச் சூட்டைத் தணித்துக்கொள்ள அதனால் முடியாது. நாக்கை நீட்டி இளைப்பதே அதற்கு வழி. ஆனால் குளிர்ந்த மழை நேரத்தில், ஓடாமல் ஆடாமல் படுத்திருக்கும் நாய் இளைத்துக்கொண்டிருந்தால் அதற்குப் பயமோ வலியோ இருக்கிறது என்று பொருள்.

தலையை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு, கண்ணை மட்டும் நம் பக்கம் ஓட்டும்போது கண்ணின் வெள்ளை பிறைபோல் தெரியும். இதை முக்கியமாகப் பிள்ளைகளுக்குக் காட்டிக் கொடுங்கள். 'எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் விலகிப்போக வழியும் இல்லை' என்பதன் அடையாளம் அது.

காது முன்னே நிமிர்ந்தால் கவனிக்கிறது. தலையோடு ஒட்டிப் பின்னால் படிந்தால் பயப்படுகிறது. முதுகு மயிர் சிலிர்ப்பதைக் கோபம் என்றே பலர் எண்ணுகிறார்கள். அது நமக்கு மயிர்க்கூச்செறிவது போலத்தான். பயத்திலும் வரும், கோபத்திலும் வரும், அளவு மீறிய பரபரப்பிலும் வரும். மற்ற உறுப்புகளைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பாலர் வகுப்பில் எழுத்துக் கூட்டி வாசிப்பது போலத்தான் இதுவும். ஓர் எழுத்தை மட்டும் பார்த்துச் சொல்லை ஊகித்தால் தவறாகும். வால், காது, கண், வாய், உடம்பின் நிலை எல்லாவற்றையும் கூட்டி வாசிக்க வேண்டும்.

கொட்டாவி விடுவது தூக்கத்திலா?

நாயைக் குழந்தைகள் கட்டிப்பிடித்துக்கொண்டு படம் எடுக்கும்போது கவனித்துப் பாருங்கள். சிரிப்பது குழந்தை மட்டுமே. நாய் முகத்தை வேறு பக்கம் திருப்பும், மூக்கை நக்கிக்கொள்ளும், கொட்டாவி விடும். நார்வே நாட்டு நாய்ப் பயிற்சியாளர் தூரிட் ருகாஸ் இப்படிப்பட்ட சின்னச் சின்னச் சைகைகளைப் பல ஆண்டுகள் கவனித்து எழுதியவர். 'சண்டை வேண்டாம், கொஞ்சம் விலகிக்கொள்' என்று நாய் சமாதானம் பேசும் மொழி என்று அவர் அவற்றை விளக்கினார். முன்னங்காலை ஒன்று தூக்கிக்கொண்டு நிற்பதும், ஒன்றுமில்லாத தரையை மோந்து பார்ப்பதும் இந்த வகையே.

தூங்கி எழுந்த நாயும் கொட்டாவி விடும். சோறு தின்ற நாயும் வாயை நக்கும். ஆனால் தூக்கமும் இல்லாமல், சோறும் இல்லாமல், ஒருவர் நெருங்கி வரும்போது இவை வந்தால் அது சங்கடத்தின் அடையாளம்.

இந்தச் சைகைகளை நாம் மதிக்காவிட்டால் நாய் அடுத்த படிக்குப் போகும். இங்கிலாந்துக் கால்நடை மருத்துவர் கெண்டல் ஷெப்பர்ட் இதை ஓர் ஏணிப் படமாக வரைந்து காட்டியிருக்கிறார். கீழ்ப்படியில் கொட்டாவி, மூக்கை நக்குதல், தலையைத் திருப்புதல். அடுத்து எழுந்து விலகிப் போவது. பிறகு வாலை ஒடுக்கிக் குனிவது. பிறகு அசையாமல் விறைத்து நிற்பது. பிறகு உறுமல். பிறகு பல் படாமல் காற்றில் கவ்வுவது. கடைசிப் படிதான் கடி. ஒவ்வொரு படியிலும், 'என்னை இதற்கு மேல் ஏற வைக்காதே' என்றே நாய் கேட்கிறது.

உறுமலை அடித்து அடக்காதீர்கள்

நான் பணியாற்றும் பள்ளியில் முதலாம் ஆண்டுப் பையன் ஒருவன் ஒரு வாரம் வரவில்லை. வந்தபோது கன்னத்தில் தையல். கடித்தது அவர்கள் வீட்டு நாய். "அஞ்சு வருஷமா வளக்கிறோம் சார், ஒரு நாளும் இப்படிச் செஞ்சதில்ல. சோறு தின்னுக்கிட்டு இருந்தது, திடீர்னு பாஞ்சிருச்சு" என்று அழுதார் அவன் தாயார்.

நான்காம் ஆண்டில் படிக்கும் அவன் அண்ணனைத் தனியாக விசாரித்தேன். பிள்ளைகள் பெரியவர்களைவிட நன்றாகக் கவனிப்பவர்கள். "தம்பி தட்டுக்கிட்ட போனான் சார். அது திங்கிறத நிறுத்திட்டு அப்படியே நின்னுச்சு. கண்ண மட்டும் இப்படி வச்சு பாத்துச்சு" என்று வெள்ளைவிழி தெரியக் காட்டினான். "உறுமவில்லையா?" என்று கேட்டேன். அவன் சொன்ன பதில்தான் முக்கியம். "முன்னல்லாம் உறுமும் சார். அப்பா தொடப்பக்கட்டையால அடிச்சாரு. அதுக்கப்புறம் உறுமுறதில்ல."

தகப்பனார் கெட்டவரல்லர். பிள்ளையைப் பார்த்து நாய் உறுமினால் எந்தத் தகப்பனுக்கும் கோபம் வரும். ஆனால் அந்த அடி நாயின் மனத்தில் இருந்த பயத்தைப் போக்கவில்லை. அதன் வாயை மட்டும் அடைத்தது. தட்டைப் பறித்துவிடுவார்களோ என்ற அச்சம் உள்ளேயே இருந்தது. உறுமினால் அடி விழும் என்பதால் ஏணியில் அந்தப் படியைத் தாண்டி நேரே கடைசிப் படிக்குப் போய்விட்டது. வீட்டில் தீப்பற்றினால் மணியடிக்கும் கருவியை, சத்தம் தொந்தரவாக இருக்கிறதென்று கழற்றி எறிவது போன்றதுதான் இது.

உங்கள் நாய் உறுமினால் செய்ய வேண்டியது என்ன? உடனே நின்றுவிடுங்கள். பிள்ளையை அமைதியாகப் பின்னுக்கு அழைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு, அது எதற்காக உறுமியது என்று யோசியுங்கள். சோற்றுத் தட்டா? குட்டிகளா? காதில் புண்ணா, காலில் வலியா? காரணத்தை நீக்கினால் உறுமல் தானே நிற்கும்.

அந்த வீட்டில் நாயைத் தூரத்துத் தோட்டம் ஒன்றில் கொண்டுபோய் இறக்கிவிட்டு வருவதாக இருந்தார்கள். நம்மவர்களிடம் இந்தப் பழக்கம் இருக்கிறது. நம் வீட்டு ஆபத்தை அடுத்தவர் வீட்டு வாசலில் வைப்பதுதான் அது. இடம் தெரியாமல், பசியோடு, பயத்தோடு அலையும் நாய் முன்னைவிட ஆபத்தானது. இப்போது அந்த நாய்க்குப் பின்கட்டில் தடுப்பு வைத்து, பிள்ளைகள் போக முடியாத இடத்தில் சோறு வைக்கிறார்கள். தகப்பனார் அடிப்பதை விட்டுவிட்டார். சின்னப் பையன் இன்னும் அதன் கிட்டே போகப் பயப்படுகிறான். அந்தப் பயம் தீர நாளாகும்.

'குற்றவாளி முகம்'

வேலை முடிந்து வந்து பார்த்தால் செருப்பு குதறிக் கிடக்கும். நாய் தலையைத் தாழ்த்தி, காதை ஒடுக்கி, கடைக்கண்ணால் பார்க்கும். "பாத்தீங்களா, தப்பு செஞ்சது அதுக்கே தெரியுது!" என்போம்.

அமெரிக்காவைச் சேர்ந்த அலெக்சாண்ட்ரா ஹொரோவிட்ஸ் என்ற பெண்மணி இதைச் சோதித்து 2009-இல் முடிவை வெளியிட்டார். 14 நாய்கள் அதில் பங்குகொண்டன. சொந்தக்காரர் நாய்க்குத் தின்பண்டத்தைக் காட்டி, 'தொடாதே' என்று சொல்லிவிட்டு அறையை விட்டு வெளியே போவார். திரும்பி வரும்போது, நாய் தின்றுவிட்டது அல்லது தின்னவில்லை என்று அவருக்குச் சொல்வார்கள். சில தடவை வேண்டுமென்றே பொய் சொன்னார்கள். தின்னாத நாயும் திட்டு வாங்கியது. முடிவு என்ன தெரியுமா? நாய் குற்றம் செய்ததா இல்லையா என்பதற்கும் அந்த முகத்துக்கும் சம்பந்தமே இல்லை. திட்டு விழுந்தால் அந்த முகம் வந்தது. குற்றமே செய்யாமல் திட்டு வாங்கிய நாய்களிடம் அது இன்னும் அதிகமாகத் தெரிந்தது!

ஆக, நாம் குற்ற உணர்ச்சி என்று வாசிப்பது உண்மையில் நம் கோபத்தைக் கண்ட பயமும் கெஞ்சலுமே. காலையில் கடித்த செருப்புக்கு மாலையில் அடித்தால், எதற்கு அடி விழுந்தது என்று நாய்க்குத் தெரியாது. வீட்டுக்கு வருகிறவரைக் கண்டு பயப்பட மட்டும் கற்றுக்கொள்ளும்.

இடியும் பட்டாசும்

மனிதனின் காது ஒரு வினாடிக்கு ஏறக்குறைய 20,000 அதிர்வுகள் வரை கேட்கும். நாயின் காது 40,000-க்கும் மேல் கேட்கும். நமக்குக் கேட்காத ஒலியெல்லாம் அதற்குக் கேட்கிறது. சாயங்கால இடிமழையும் தீபாவளிப் பட்டாசும் அதற்கு எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். உடம்பு நடுங்கும், எச்சில் வடியும், கட்டிலுக்கடியில் போய் ஒளியும், சில நாய்கள் கண்மண் தெரியாமல் ஓடித் தொலைந்துபோகும்.

இந்த நேரத்தில் அதை வெளியே சங்கிலியில் கட்டி வைக்காதீர்கள். ஓட முடியாத நாய் கழுத்தை இறுக்கிக்கொள்ளும், அல்லது கிட்டே வருகிறவரைக் கடிக்கும். வீட்டுக்குள் ஒரு மூலையில் பழைய சாக்கை விரித்து இடம் கொடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து தடவிக் கொடுத்தால் செல்லம் கூடிப் பயமும் கூடும் என்று சிலர் சொல்வதில் உண்மையில்லை. அது உங்களிடம் வந்து ஒட்டிக்கொண்டால் ஆறுதல் கொடுங்கள். ஒளிய விரும்பினால் ஒளிய விடுங்கள்.

சங்கிலியைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. பயந்த நாய்க்கு இரண்டே வழி: ஓடுவது, இல்லையேல் எதிர்ப்பது. நாள் முழுவதும் கட்டிப்போட்டால் முதல் வழியை நாமே அடைத்துவிடுகிறோம். 'கட்டிப்போட்டால் நாய்க்கு ரோஷம் வரும்' என்று நம்மவர்கள் சொல்லும் ரோஷம் பெரும்பாலும் பயமே. அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவு கூடாது, அது நியாயம். அதற்கு வேலி போட்ட இடமே நல்லது.

பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்

வெறிநோய் இருக்குமோ என்று சந்தேகிக்கப்படும் பிராணிகளிடம் கடிபடுகிறவர்களில் 100-க்கு 40 பேர் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. பிள்ளைகள் நாயின் உயரத்திலேயே இருப்பதால் கடி முகத்தில் விழுகிறது. இன்னொரு காரணமும் உண்டு. இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தில் கெர்ஸ்டின் மெயின்ட்ஸ் குழுவினர் சிறு குழந்தைகளுக்கு நாய்களின் படங்களைக் காட்டிச் சோதித்து, 2018-இல் எழுதினார்கள். பல்லைக் காட்டிச் சீறும் நாயைப் பார்த்து, அது சிரிக்கிறது என்று பல குழந்தைகள் சொன்னார்களாம்! பல் தெரிந்தால் சிரிப்பு என்பதுதானே மனிதக் குழந்தைக்குத் தெரிந்த மொழி? நாய்மொழியில் அதற்கு நேர்மாறான பொருள் என்று நாம்தான் சொல்ல வேண்டும்.

சின்னக் குழந்தையையும் நாயையும், எவ்வளவு நல்ல நாயானாலும், பெரியவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் சேர்த்து விடாதீர்கள். தின்னும் நாய், தூங்கும் நாய், குட்டி போட்ட நாய், கட்டிப்போட்ட நாய், நோயுற்ற நாய் இந்த ஐந்தின் கிட்டே போகக்கூடாது என்பதைப் பெருக்கல் வாய்ப்பாடு போல் மனப்பாடம் செய்ய வையுங்கள். நாயைத் தொட விரும்பினால் தலைக்கு மேலே கையை நீட்டக் கூடாது. சற்றுப் பக்கவாட்டில் நின்று, அது தானாக வரும் வரை காத்திருக்க வேண்டும். வந்தால் நெஞ்சுப் பக்கமோ தோளிலோ தடவலாம். வராவிட்டால் அதுவும் ஒரு பதில்தான்.

தெரு நாய் துரத்தினால் ஓடவும் கூடாது, கத்தவும் கூடாது. நான் பிள்ளைகளிடம், "பால்மரம் போல நில்லுங்கள்" என்று சொல்வேன். கைகளை உடம்போடு ஒட்டி, கண்ணைத் தரையில் வைத்து, அசையாமல் நிற்க வேண்டும். ஓடுகிற பொருளைத் துரத்துவது நாயின் பிறவிக் குணம். மரத்தை அது மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும். கீழே விழுந்துவிட்டால் முட்டியை மடக்கிச் சுருண்டு, இரண்டு கைகளாலும் கழுத்தையும் காதுகளையும் மூடிக்கொள்ள வேண்டும். சைக்கிளில் போகிறவர்கள் இறங்கி, சைக்கிளைத் தமக்கும் நாய்க்கும் நடுவில் வைத்துக்கொண்டு மெல்ல நடக்கலாம்.

'நாயைக் கண்டால் கல்லைக் காணோம்' என்பார்கள். கல்லெறி பட்ட நாய் மனிதன் குனிவதைக் கண்டாலே கலங்கும். சில ஓடும், சில முந்திக்கொண்டு பாயும். இன்று ஒரு பையன் விளையாட்டாக எறியும் கல்லுக்கு, நாளை அந்த வழியாகப் போய்ச் செருப்பு வாரை மாட்டக் குனியும் ஒரு சின்னப் பெண் விலை கொடுக்க நேரலாம்.

கடித்துவிட்டால்

இதில் மட்டும் அலட்சியம் வேண்டாம். நம் நாட்டில் 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் நாய்களிடம் வெறிநோய் கண்டது. 2017-இல் சரவாக்கில் பரவத் தொடங்கி, அங்கே 50-க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். அந்த நோயின் அறிகுறி மனிதனிடம் தோன்றிவிட்டால் பிழைப்பது அநேகமாக இல்லை. ஆனால் கடிபட்ட உடனே சிகிச்சை பெற்றால் தடுத்துவிடலாம்.

காயத்தைக் குழாய்த் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் குறைந்தது 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் அப்பாதீர்கள். கீறல்தானே என்று விட்டுவிடாமல் உடனே அரசாங்கக் கிளினிக்குக்குப் போங்கள். ஊசி தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். கடித்த நாயை அடித்துக் கொன்றுவிடாதீர்கள். அது எந்த நாய், எங்கே இருக்கிறது என்று தெரிந்து வைத்துக்கொண்டு கால்நடைத் துறைக்குத் தெரிவியுங்கள்.

இதுவரை சொன்ன மொழியெல்லாம் வெறிநோய் கண்ட நாய்க்குப் பொருந்தாது. காரணமில்லாமல் கண்டதையெல்லாம் கடிப்பது, குரல் கம்முவது, தாடை தொங்கி எச்சில் ஒழுகுவது, தள்ளாடுவது, கூச்ச சுபாவமுள்ள நாய் திடீரென்று வந்து ஒட்டுவது, சாதுவான நாய் சீறுவது, இவையெல்லாம் நோயின் அடையாளங்கள். அதை வாசித்துக்கொண்டு நிற்காமல் விலகிப்போய்த் தகவல் கொடுப்பதே அறிவு. உங்கள் சொந்த நாய்க்கு இந்த நோய்க்கான தடுப்பூசியைப் பற்றிக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த வாரத்துக்கு ஒரு வீட்டுப்பாடம்

வாத்தியார் எழுதும் பகுதியில் வீட்டுப்பாடம் இல்லாமல் போகுமா? ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு, ஒரு வாரம் தினமும் பத்து நிமிடம் உங்கள் நாயைச் சும்மா கவனியுங்கள். தூங்கி எழும்போது, சோறு வைக்கும்போது, தபால்காரர் வரும்போது, இடி இடிக்கும்போது, பிள்ளைகள் அதைக் கட்டிப்பிடிக்கும்போது அதன் வால் எப்படி இருந்தது, காது எப்படி, கண் எப்படி, வாய் எப்படி என்று ஒவ்வொரு வரியாக எழுதச் சொல்லுங்கள். படம் வரையத் தெரிந்த பிள்ளைகள் வரையட்டும்.

வார முடிவில் எல்லாரும் உட்கார்ந்து அதைப் படித்துப் பாருங்கள். நம் வீட்டு நாய்க்கு எது பிடிக்கும், எது பிடிக்காது, எந்த இடத்தில் அது கொட்டாவி விட்டு விலகிப்போகப் பார்க்கிறது என்பது தெரிந்துவிடும். பிடிக்காதவற்றில் ஒன்றையாவது அடுத்த வாரமே மாற்றிவிடுங்கள். சோற்றுத் தட்டை ஒதுக்குப்புறமாக மாற்றி வைப்பதாக இருந்தாலும் சரிதான்.